நீல இன்ஹேலர் மட்டும் போதுமா? லேசான ஆஸ்துமாவுக்கு எந்த வழி நல்லது

இரவு இரண்டு மணிக்கு யாரோ நெஞ்சில் கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கும். எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுப்போம். உள்ளே போன காற்று வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். தலையணைக்குப் பக்கத்தில் கையை விட்டுத் துழாவினால் நீல இன்ஹேலர் அகப்படும். இரண்டு பஃப். ஐந்து நிமிடத்தில் கயிறு தளர்ந்துவிடும்.

அந்த நிம்மதியை அனுபவித்தவரிடம் போய், "இந்த மருந்தை மட்டும் நம்பியிருக்காதே" என்று சொன்னால் காதில் ஏறாது. எனக்கும் பல வருடம் ஏறவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இளைப்பு வரும், இரண்டு பஃப் எடுப்பேன், போய்விடும். இது லேசான ஆஸ்துமாதானே, இதற்கு எதற்குத் தினமும் ஸ்டீராய்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீல இன்ஹேலரை எழுதிக் கொடுத்த மருத்துவரும் வேறொன்றும் சொல்லவில்லை.

ஆனால் 2019-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. உலகெங்கும் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு, வயது வந்தவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் போன்ற நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. நோய் எவ்வளவு லேசாக இருந்தாலும் இதே விதிதான். ஐம்பது வருடப் பழக்கத்தை அது மாற்றச் சொன்னது. சரி, நீலம் மட்டும் வேண்டாம் என்றால் வேறு என்ன? தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலரா, தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் கூட்டு இன்ஹேலரா, மாத்திரையா, ஊசியா? இந்தக் கேள்வியோடு நுரையீரல் மருத்துவரைப் பார்க்கப் போகிறவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். குழந்தைகளைப் பற்றிப் பின்னால் தனியாக வருகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

மூச்சுக்குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் தசை வளையம், உட்புறம் ஈரமான மெல்லிய சவ்வு, நடுவில் காற்று போகும் துளை. ஆஸ்துமாவில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து நடக்கின்றன. தசை வளையம் இறுகுகிறது. உள்சவ்வு வீங்கிச் சளியைக் கொட்டுகிறது. இரண்டும் சேரும்போது துளை ஊசி நுழையும் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது.

சால்பூட்டமால் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. அதனால் நமக்கு மூச்சு சீராகிவிட்டது போலத் தோன்றும், வீக்கமோ அடியில் அப்படியே இருக்கும். வைரஸ் சளியோ புகையோ மகரந்தமோ வந்து தூண்டும்போது அது பொங்கி எழும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இதற்கு நேர் எதிர். வீக்கத்தைத் தணிக்கும், ஆனால் திணறும் அந்த நிமிடத்தில் தசையைத் தளர்த்தாது. அதனால் மனிதர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வருவதில்லை. உடனே பலன் தெரிகிற மருந்தைத்தான் கை தேடும். இதில் நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆஸ்துமா சிகிச்சையின் மையமே இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். மூச்சு திணறும்போது கை எந்த இன்ஹேலரை எடுக்கிறதோ, அதற்குள்ளேயே வீக்கத்துக்கான மருந்தும் இருக்க வேண்டும். கடந்த பத்து வருட ஆய்வுகளைப் படித்த பிறகு எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

முதல் வழி: நீலம் மட்டும்

மலிவானது, எங்கும் கிடைக்கும், உடனே வேலை செய்யும். இந்த வசதிகள் எல்லாம் உண்மை. அப்படியிருந்தும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

இதன் கதை பழையது. 1960-களில் வீரியம் கூடிய ஐசோப்ரினலின் இன்ஹேலர் புழக்கத்துக்கு வந்த சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று கூடின. 1970-களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் மீண்டும் அதே போல ஒரு மரண அலை. அதற்கும் ஃபெனோடெரால் என்ற நிவாரண இன்ஹேலருக்கும் உள்ள தொடர்பை 1989-இல் ஓர் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அந்த மருந்தின் பயன்பாடு குறைந்ததும் மரணங்களும் இறங்கின. அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பீஸ்லி. முப்பது வருடம் கழித்து இதற்கு மாற்றுவழியைச் சோதித்த ஆய்வுகளிலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரு மனிதர் ஒரே கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் விடாமல் துரத்தியிருக்கிறார் என்பது என்னை நெகிழவைத்தது.

இன்றைய சால்பூட்டமால் அந்தப் பழைய மருந்துகளைப் போன்றதல்ல என்பது சரிதான். ஆனாலும் அதை ஒன்றிரண்டு வாரம் தினமும் தொடர்ந்து எடுத்தாலே, தசையில் அந்த மருந்தை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் மழுங்கத் தொடங்குகின்றன. தூண்டலுக்கு மூச்சுக்குழாய் இன்னும் எளிதாகச் சுருங்குகிறது. முன்பு இரண்டு பஃப் போதுமென்றிருந்த இடத்தில் நான்கு தேவைப்படும்.

பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நிவாரண இன்ஹேலர் எத்தனை எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற விவரம் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேர், இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12-க்கு மேல் வாங்கியிருந்தார்கள். ஆறு பேர் 50-க்கு மேல். நோயின் தீவிரம் தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்றவர்கள். 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியைத் தேடாமலோ, அவசரச் சிகிச்சை வந்து சேரும் முன்போ இறந்துவிட்டார்கள். "லேசான ஆஸ்துமா" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது இந்த அறிக்கை நினைவுக்கு வருகிறது.

ஸ்வீடனில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை 2020-இல் அலசினார்கள். வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் நீல இன்ஹேலர் வாங்கியவர்கள் 30 சதவீதம். வாங்கிய எண்ணிக்கை கூடக் கூட மரண ஆபத்தும் கூடியது. 11 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களிடம் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. நோய் முற்றியவர்தான் அதிகம் வாங்குவார் என்பதால், மருந்தே கொன்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு இன்ஹேலரில் சாதாரணமாக 200 பஃப் இருக்கும். வருடத்துக்கு மூன்று என்றால் 600, ஒரு நாளைக்கு இரண்டு பஃப்கூட வராது. "அவ்வளவு ஒன்றும் அதிகமில்லையே" என்று நாம் நினைக்கிற அளவுதான் அது.

வீக்கத்தை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் சரிசெய்வது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி: தினமும் ஸ்டீராய்டு, தேவைக்கு நீலம்

நாற்பது வருடம் இதுதான் நிலையான சிகிச்சை. நல்ல சிகிச்சைதான், அதில் மறுபேச்சு இல்லை. 2003-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், புதிதாக ஆஸ்துமா கண்டறியப்பட்ட 7,241 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் ஒருவேளை புடசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கொடுத்தார்கள். முதல் தீவிரத் தாக்குதல் வரும் ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணப் பதிவுகளை வைத்து 2000-இல் வந்த ஆய்வு, ஒருவர் ஒரு வருடத்தில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் மரண விகிதம் 21 சதவீதம் குறைவதைக் கண்டது.

மருந்தில் குறையில்லை. காலையில் பல் தேய்க்கும்போது எடுக்க வேண்டிய அந்த இன்ஹேலர், நெஞ்சு நன்றாக இருக்கிற மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது என்பதுதான் பிரச்சினை. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, எழுதிக் கொடுத்த டோஸில் பாதியைக்கூடப் பெரும்பாலோர் எடுப்பதில்லை. அப்போது கையில் மிஞ்சுவது நீலம் மட்டும். இரண்டாவது வழியில் கிளம்பியவர் தனக்கே தெரியாமல் முதல் வழியில் நின்றுகொண்டிருப்பார்.

ஆனால் தினமும் தவறாமல் எடுக்கும் ஒழுங்கு உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் மூச்சு சீராக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம் என்றால், இந்த வழியில் தொடர்வது முழுக்க நியாயம். இதற்கான சான்றைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வழி: தேவைப்படும்போது புடசொனைடு–ஃபார்மோடெரால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஃபார்மோடெரால் ஒரு வித்தியாசமான மருந்து. நீண்ட நேரம், ஏறக்குறைய 12 மணி நேரம் வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. ஆனால் சால்பூட்டமால் போலவே ஓரிரு நிமிடத்தில் தசையைத் தளர்த்தத் தொடங்கிவிடும். அதையும் புடசொனைடு என்ற ஸ்டீராய்டையும் ஒரே இன்ஹேலரில் சேர்த்துவிட்டால், திணறும்போது எடுக்கும் ஒவ்வொரு பஃப்பிலும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ளே போய்விடும். இளைப்பு அதிகமாகும் நாட்களில் பஃப் அதிகமாகும், ஸ்டீராய்டும் தானாகவே கூடும். அடங்கிய நாட்களில் இரண்டும் குறையும்.

இதில் நேரமும் ஒத்துப்போகிறது. தீவிரத் தாக்குதல் பெரும்பாலும் ஒரே இரவில் வெடிப்பதில்லை. 425 தாக்குதல்களின் தினசரிக் குறிப்புகளை 1999-இல் ஆராய்ந்தபோது, ஊதும் வேகம் பல நாட்களாக மெல்ல இறங்கி, கடைசி இரண்டு மூன்று நாட்களில் சடசடவென்று விழுவது தெரிந்தது. இரவு விழிப்பும் நிவாரண பஃப்களும் அதே நாட்களில்தான் கூடின. அதாவது தாக்குதல் வருமுன் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அந்த நாட்களில் நாம் இன்ஹேலரைத் தேடித்தான் போகிறோம். நீலத்தை எடுத்தால் அந்த ஜன்னல் வீணாகிறது. கூட்டு இன்ஹேலரை எடுத்தால் வீக்கம் ஏறும்போதே தடுப்பும் ஏறுகிறது.

இதை உறுதிசெய்த முதல் பெரிய ஆய்வுகள் 2018-இல் வந்த சிக்மா 1, சிக்மா 2. முதலாவதில் 3,849 பேர். தேவைக்கு மட்டும் கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்கு, நிவாரண மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடத் தீவிரத் தாக்குதல் 64 சதவீதம் குறைவு. தினமும் இருவேளை புடசொனைடு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தாக்குதல் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் உள்ளே போன ஸ்டீராய்டின் இடைநிலை அளவு நாளைக்கு 57 மைக்ரோகிராம், தினசரி எடுத்தவர்களுக்கோ 340. ஆறில் ஒரு பங்கு மருந்தில் அதே பாதுகாப்பு.

இதே ஆய்வில் ஒரு குறையும் தெரிந்தது, அதை மறைத்துவிட்டுப் பரிந்துரைப்பது சரியல்ல. அறிகுறிகள் நன்கு அடங்கியிருந்த வாரங்கள் தினசரி புடசொனைடுக் குழுவில் 44 சதவீதம், தேவைக்குக் கூட்டு இன்ஹேலர் எடுத்த குழுவில் 34 சதவீதம். ஆக, அன்றாட இருமலும் இளைப்பும் முழுக்க அடங்க வேண்டும் என்பவருக்குத் தினசரி மருந்துதான் கொஞ்சம் மேல். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு நாளைக்கு இருமுறை மருந்தை நினைவூட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் அப்படி நினைவூட்ட யாரும் இல்லை.

அந்த நினைவூட்டல் இல்லாமல், நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமாக நடந்தவை 2019-இல் நியூசிலாந்துக் குழுவினர் முன்னின்று நடத்திய இரண்டு ஆய்வுகள். நாவல் ஸ்டார்ட் என்ற ஆய்வில் 668 பேரின் முடிவுகள். நீலம் மட்டும் பயன்படுத்திய குழுவில் 23 பேருக்குத் தீவிரத் தாக்குதல், தினசரி புடசொனைடுக் குழுவில் 21, தேவைக்குக் கூட்டு இன்ஹேலர் எடுத்த குழுவில் 9. பிராக்டிகல் என்ற மற்றொரு ஆய்வில் தினசரி சிகிச்சையைவிடக் கூட்டு இன்ஹேலரில் தீவிரத் தாக்குதல் 31 சதவீதம் குறைவு. எந்த இன்ஹேலர் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வுகள் இவை. ஆனால் நாமும் தெரிந்துதானே எடுக்கப்போகிறோம்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நாளைக்கு 57 மைக்ரோகிராம் என்றால் வருடம் முழுவதற்கும் சுமார் 21 மில்லிகிராம். ஒரு தீவிரத் தாக்குதல் வந்தால் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளைக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளில் 200 மில்லிகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள், மில்லிகிராமுக்கு மில்லிகிராம் நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, இன்ஹேலர் மருந்து பெரும்பாலும் நுரையீரலிலேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. வாழ்நாளில் நான்கைந்து தடவை மாத்திரைக் கோர்ஸ் எடுத்தாலே சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், கண்புரை போன்றவற்றின் ஆபத்து கூடுவது ஆய்வுகளில் தெரிகிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பயந்து தாக்குதலை வரவழைத்துக்கொண்டால், பெரிய ஸ்டீராய்டுக்குத்தான் போய்ச் சேர்வோம். குறைந்த அளவில் இன்ஹேலரால் வரக்கூடியவை குரல் கம்முவதும் வாயில் வெள்ளைப் பூஞ்சை படிவதும்தான். தினசரி டோஸ் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அதுவும் குறையும்.

நோய் கொஞ்சம் கூடினால் இன்ஹேலரை மாற்ற வேண்டியதில்லை என்பது இந்த வழியின் இன்னொரு நன்மை. அதே இன்ஹேலரைக் காலை மாலை நிலையாகவும், நடுவில் தேவைக்கும் எடுக்கலாம். 2018-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதே அளவு கூட்டு மருந்தைத் தினமும் எடுத்துத் தேவைக்கு நீலத்தை எடுத்தவர்களைவிட, இப்படி ஒரே இன்ஹேலரில் இருந்தவர்களுக்குத் தாக்குதல் ஆபத்து 32 சதவீதம் குறைந்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூட்டு இன்ஹேலர் எல்லாமே இதற்கு ஆகாது. சால்மெட்டரால் கலந்தது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதைத் திணறும்போது நிவாரணத்துக்கு எடுக்கக் கூடாது. விலான்டெரால் கலந்தது நாளைக்கு ஒருமுறைக்கானது. பெயரின் பின்பாதி ஃபார்மோடெரால் என்று இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எல்லையும் உண்டு. 200/6 அளவுள்ள (ஒரு பஃப்பில் புடசொனைடு 200, ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம்) இன்ஹேலரை 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மொத்தம் 12 பஃப்புக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த எண்ணை நோக்கிப் போகிறீர்கள் என்றாலே அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்காவது வழி: நீலத்துக்குள்ளேயே ஸ்டீராய்டு

சால்பூட்டமாலையும் புடசொனைடையும் சேர்த்த இன்ஹேலருக்கு 2023 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கொடுத்தது. மிதமான, கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடந்த மாண்டலா ஆய்வில் இது, சால்பூட்டமால் மட்டும் எடுப்பதைவிட, தீவிரத் தாக்குதலின் ஆபத்தை 26 சதவீதம் குறைத்திருந்தது. லேசான ஆஸ்துமாவில் பட்டூரா ஆய்வு 2025-இல் வெளியானது. சால்பூட்டமால் மட்டும் எடுத்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும், கூட்டு மருந்து எடுத்தவர்களில் 5.1 சதவீதம் பேருக்கும் தீவிரத் தாக்குதல். பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் அந்த ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மூன்றாவது வழியின் அதே தத்துவம்தான், ஆனால் சால்பூட்டமால் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எல்லா நாட்டிலும் கிடைப்பதுமில்லை.

இரண்டுமே கைக்கு எட்டாதவர்களுக்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. நீலத்தை எடுக்கும்போதெல்லாம் கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரையும் எடுப்பது. 2022-இல் வந்த பிரிப்பேர் ஆய்வில் இப்படிச் செய்தவர்களுக்குத் தீவிரத் தாக்குதல் 15 சதவீதம் குறைந்தது. இரண்டு இன்ஹேலரையும் ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டால் ஒன்று மறந்துபோகாது.

மாத்திரையும் ஊசியும்

இன்ஹேலர் பிடிக்காதவர்கள் மாண்டெலுகாஸ்ட் மாத்திரையைக் கேட்கிறார்கள். தாக்குதலைத் தடுப்பதில் அது ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு ஈடாகாது. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை பக்க விளைவுகள் பதிவானதால் 2020 மார்ச்சில் எஃப்டிஏ அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டத்தைச் சேர்த்தது. முதல் தேர்வாக எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

உயிரியல் ஊசிகள் வேறு தளம். 2003-இல் ஓமலிசுமாப்பில் தொடங்கி மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், டுபிலுமாப், டெசெபெலுமாப் என்று வரிசையாக வந்தன. உயர்ந்த டோஸ் இன்ஹேலரைச் சரியாக எடுத்தும் அடங்காத கடுமையான ஆஸ்துமாவுக்கானவை இவை. மாத்திரை ஸ்டீராய்டிலேயே பல வருடம் வாழ்ந்தவர்களை அதிலிருந்து விடுவித்திருக்கின்றன. ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, ஊதும் மூச்சில் நைட்ரிக் ஆக்ஸைடு அளவு, ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஈ ஆகியவற்றைப் பார்த்து யாருக்கு எது என்று முடிவெடுப்பார்கள்.

2024 நவம்பரில் வந்த ஆப்ரா ஆய்வு இதில் புதிய கதவைத் திறந்தது. ஆஸ்துமாவோ சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ முற்றித் தாக்குதலில் வந்தவர்களில் இயோசினோஃபில் கூடியிருந்த 158 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான பிரெட்னிசோலோன் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை தோற்றது. பென்ராலிசுமாப் ஊசி பெற்ற இரண்டு குழுக்களில் சேர்த்து 45 சதவீதம் பேருக்குத்தான் தோற்றது. தாக்குதலுக்கான சிகிச்சை அரை நூற்றாண்டாக மாறவே இல்லை என்பதை நினைத்தால் இது பெரிய செய்தி. சிறிய ஆய்வு, இன்னும் பெரிதாகச் செய்து உறுதிப்படுத்த வேண்டும். எப்படியானாலும் மாதம் இரண்டு முறை இளைக்கிறவருக்கு ஊசி தேவையில்லை.

குழந்தைகள்

இத்தனை காலம் சிறுவர்களுக்கு நீலத்துக்கு மாற்றாகச் சொல்லச் சான்று மிகக் குறைவாகவே இருந்தது. 2025-இல் நியூசிலாந்திலிருந்தே ஒரு விடை வந்தது. 5 முதல் 15 வயது வரையுள்ள 360 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சால்பூட்டமால், பாதிப் பேருக்குப் புடசொனைடு–ஃபார்மோடெரால், இரண்டுமே தேவைக்கு மட்டும். ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 0.41 ஆக இருந்த தாக்குதல், கூட்டு இன்ஹேலரில் 0.23 ஆகக் குறைந்தது. குழந்தைக்கு லேசான ஆஸ்துமா என்று சொல்லி நீலத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால், பெற்றோர் இந்த ஆய்வைக் குறிப்பிட்டுத் தயங்காமல் கேட்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே கணக்கு வேறு. அந்த வயதில் வைரஸ் சளியால் வரும் வீசிங்கையும் ஆஸ்துமாவையும் பிரித்துப் பார்ப்பதே கடினம்.

எந்தக் கருவி, எப்படி

மருந்தைத் தேர்ந்தெடுத்த பிறகு கருவி. வாயு அழுத்தத்தில் மருந்தைச் சீறவிடும் அழுத்த இன்ஹேலரை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பவுடர் இன்ஹேலரை ஒரே மூச்சில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றுக்கானதை மற்றொன்றில் செய்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும், கைக்கு எட்டியது நெஞ்சுக்கு எட்டாது. இரண்டிலும் இழுத்த பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும்.

பவுடர் இன்ஹேலருக்கு மாறிய முதல் வாரம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அடிப்பகுதியைத் திருப்பினால் "க்ளிக்" என்று சத்தம் வரும், இழுத்தால் வாயில் சுவையே தெரியாது. மருந்து வந்ததா இல்லையா என்று சந்தேகப்பட்டு இன்னொரு தடவை இழுப்பேன். ஒரு கறுப்புத் துணியை வாய்ப்பகுதியில் கட்டி இழுத்துப் பார்த்தபோதுதான் மெல்லிய வெள்ளைத் தூள் தெரிந்தது, நம்பிக்கை வந்தது. சிறு குழந்தைகள், மிகவும் வயதானவர்கள், பலமாக இழுக்க முடியாதவர்களுக்கு ஸ்பேசர் என்ற இடைக்குழாயோடு அழுத்த இன்ஹேலர்தான் நல்லது. எண்காட்டி இல்லாத அழுத்த இன்ஹேலரில் மருந்து தீர்ந்த பிறகும் வாயு சீறிக்கொண்டே இருக்கும், ஆட்டிப் பார்த்தால் தெரியாது. எத்தனை பஃப் போனது என்று எழுதி வைத்தாக வேண்டும்.

சுற்றுச்சூழலை நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அழுத்த இன்ஹேலரின் வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். பவுடரில் அந்த வாயு இல்லை. இரண்டும் ஒருவருக்குச் சமமாக ஒத்துக்கொண்டால் பவுடரை எடுக்க இது போதுமான காரணம், ஒத்துக்கொள்ளாவிட்டால் மூச்சுதான் முதலில்.

என் முடிவு

மாதம் சில தடவை மட்டும் இளைக்கிற, தினமும் மருந்து எடுப்பதில் உறுதியில்லாத பெரியவருக்கு மூன்றாவது வழி. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இருமல், இரவு விழிப்பு என்று இருப்பவருக்கும், போன வருடம் ஒரு தடவையாவது மாத்திரை ஸ்டீராய்டோ மருத்துவமனையோ தேவைப்பட்டவருக்கும் அதே இன்ஹேலர் காலை மாலையும், நடுவில் தேவைக்கும். பல வருடமாகத் தினசரி ஸ்டீராய்டை ஒழுங்காக எடுத்து நன்றாக இருப்பவர் மாற வேண்டியதில்லை. பிரிட்டனின் தேசிய வழிகாட்டியும் 2024 நவம்பரில் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் வந்து நின்றது. ஸ்டீராய்டு இல்லாமல் நீலத்தை எந்த வயதினருக்கும் எழுத வேண்டாம், புதிதாகக் கண்டறியப்பட்ட 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேவைக்குக் கூட்டு இன்ஹேலரோடு தொடங்குங்கள் என்கிறது அது.

விலை ஒரு தடை என்பது தெரியும். கூட்டு இன்ஹேலர் நீலத்தைவிட விலை கூடியது. ஆனால் தேவைக்கு மட்டும் எடுத்தால் அது பல மாதம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2017-இலேயே புடசொனைடு–ஃபார்மோடெராலை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அரசு மருந்தகங்களில் அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தானாக மருந்தை மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது கடந்த வருடம் எத்தனை நீல இன்ஹேலர் வாங்கினீர்கள், எத்தனை இரவு விழித்தீர்கள், எத்தனை தடவை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்கள் என்ற மூன்று எண்களை எழுதிக்கொண்டு போங்கள். புதிய இன்ஹேலர் கொடுத்தால் அவர் கண் முன்னாலேயே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். இன்ன நிலையில் எத்தனை பஃப், எப்போது உடனே வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் திணறல் அடங்கவில்லை என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் இன்ஹேலரை எடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.